மூன்றாவது லைனின் பஸ்ஸர்

என் அண்ணிக்குத் திமிர் அதிகம் என்று பதினான்கு வருடமாக நான் சொல்லிவந்தேன். சும்மா சொல்லவில்லை, சாட்சியோடு சொன்னேன். பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். குக்கர் விசில் மேல் விசிலாக அடித்துக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். நான் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு, "அண்ணி, ஆறு விசில் ஆச்சு" என்றால், "அதான் அணைச்சிட்டியே" என்பார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? நாத்தனார் என்று ஒருத்தி இருக்கும்போது இதையெல்லாம் மனசில் குறித்துவைக்காமல் விடுவாளா? நான் விடவில்லை.

அண்ணியும் நானும் ஒரே பால் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். நான் சோதனைக்கூடத்தில். அண்ணி கருவிப் பிரிவில். அங்கே அவருக்கு மீட்டரம்மா என்று பெயர். எந்த முள் தப்பாகக் காட்டினாலும், எந்தத் திரை இருண்டுபோனாலும் "மீட்டரம்மாவைக் கூப்பிடு" என்பார்கள். ஆனால் அவர் அந்த இடத்துக்கு நேராக வந்துவிடவில்லை. முதலில் கண்ணாடி பாட்டில் கூடத்தில், ஓடும் வரிசையில் உடைசலைப் பொறுக்கும் வேலை. பதினொரு வருடம். பாட்டிலோடு பாட்டில் மோதுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அங்கே எல்லோரும் கையாலும் புருவத்தாலும்தான் பேசிக்கொள்வார்கள். அந்த வேலையை முடித்துவிட்டு மாலை வகுப்புக்குப் போய், வீட்டுக்கு வந்து என் அண்ணன் சமைத்துவைத்ததைச் சாப்பிட்டு (அது தனித் தண்டனை), மூன்று வருடம் படித்து டிப்ளமா வாங்கினார். கருவிப் பிரிவில் ஸ்க்ரூடிரைவர் பிடித்த முதல் பெண் அவர்தான். முதல் வாரம் ஒரு ஆள், "பாத்துப் பிடிம்மா, இது கரண்டி இல்ல" என்றாராம். "கரண்டியா இருந்தா உங்களுக்குப் பிடிக்கவே தெரிஞ்சிருக்காதே" என்று அண்ணி திருப்பிக் கொடுத்தாராம். அதையும் நான் திமிர் என்றுதான் சேர்த்துக்கொண்டேன்.

மூன்றாவது லைனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பால் போகும் குழாயைத் தினமும் கழுவ வேண்டும். முதலில் காஸ்டிக் சோடா கலந்த வெந்நீர், பிறகு வெறும் தண்ணீர். தண்ணீர் முழுதாக அலசி முடிப்பதற்குள் பாலைத் திறந்துவிட்டால் காரம் பாலில் கலந்துவிடும். அலசல் முடிந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காகக் குழாய்க்குள் ஒரு சென்சார் இருக்கிறது. காஸ்டிக் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், நல்ல தண்ணீர் அவ்வளவாகக் கடத்தாது. சென்சார் அதை அளந்து, சுவரில் மாட்டியிருக்கும் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றுக்கு அனுப்பும். அடாப்டர் என்பார்கள். எந்த எண்ணைத் தாண்டினால் எச்சரிக்க வேண்டும், எத்தனை நொடி பொறுத்துப் பார்க்க வேண்டும், எதற்கு விளக்கு எரிய வேண்டும், எதற்கு பஸ்ஸர் அடிக்க வேண்டும், எல்லாவற்றையும் அதற்கு நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். அன்றன்று நடந்ததை அது மணி, நிமிடம், நொடியோடு வரிவரியாக எழுதிவைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை அந்த வரிகளை லேப்டாப்பில் இறக்கி, அண்ணி கதைப்புத்தகம் மாதிரி ரசித்துப் படிப்பார்.

பழைய அடாப்டர் செத்துப்போய், புதியதை மாட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. பழையதில் இருந்த எண்களை அண்ணி அப்படியே புதியதில் போட்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, மூன்றாவது லைன் தொட்டியில் எடுத்த மாதிரியில் நான் சோதனைச் சொட்டை விட்டேன். பால் ரோஜா நிறத்துக்கு மாறியது. காரம் கலந்திருந்தால் மட்டும் வரும் அந்த நிறத்தைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். இன்னொரு மாதிரி எடுத்தேன், அதுவும் ரோஜா. உடனே தொட்டியைப் பூட்டச் சொல்லி போன் செய்தேன். ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. எட்டாயிரம் லிட்டர் பாலும் கழிவுநீர்த் தொட்டிக்குப் போனது. அதை நின்று பார்த்தவர்கள் யாரும் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

பாலைத் திறந்துவிட்டவர் தாடிக்காரர். மூன்றாவது லைனின் ஆபரேட்டர், இருபது வருடப் பழக்கம். "பஸ்ஸர் அடிக்கல சார். அடிச்சிருந்தா திறப்பேனா?" என்று அவர் மேனேஜரிடம் தலையில் அடித்துக்கொண்டார். மேனேஜர் எதற்கெடுத்தாலும் "ஆதாரம் எங்கே?" என்று கேட்பவர். அதனால் ஆதாரம் என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. அவர் வாராந்திரச் சோதனைத் தாளை எடுத்து நீட்டினார். திங்கட்கிழமை தேதியில் "பஸ்ஸர் சரி" என்று எழுதி, கீழே அண்ணியின் கையெழுத்து.

"நேத்து அடிச்சது இன்னிக்கு மட்டும் அடிக்காம போயிடுமா? நாளைக்குப் பதினொரு மணிக்கு விசாரணை. பதில் இல்லைன்னா நீங்க வீட்டுக்குப் போகலாம்."

தாடிக்காரர் தாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று பிற்பகல் அண்ணி என்னைத் தேடி சோதனைக்கூடத்துக்கு வந்தார். "நீ மாதிரி எடுத்த நேரமெல்லாம் குறிச்சு வெச்சிருக்கல்ல? எடுத்துட்டு வா. அடாப்டர் என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றார்.

லைன் நின்றிருந்ததால் கூடம் அமைதியாக இருந்தது. அண்ணி லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து வரிகளை இறக்கினார். இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்று வாரத்தில் தொள்ளாயிரத்துச் சொச்சம் எச்சரிக்கை. ஒவ்வொன்றும் இரண்டு நொடி, மூன்று நொடி. ஆரம்பம், முடிவு, ஆரம்பம், முடிவு.

"அடக் கடவுளே, நான் பண்ணின வேலை" என்றார் அண்ணி. திரையில் விரலை வைத்துக் காட்டினார். எச்சரிக்கை எந்த எண்ணில் தொடங்க வேண்டுமோ, அதே எண்ணில்தான் நிற்கவும் வேண்டும் என்று இருந்தது. தண்ணீரின் அளவு அந்த எண்ணுக்கு ஒரு நூல் மேலேயும் கீழேயும் ஆடினால் போதும், பெட்டி கத்தும், நிறுத்தும், மறுபடி கத்தும். பழைய பெட்டி இரண்டுக்கும் நடுவில் தானாகவே கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தது. புதியதில் அந்த இடைவெளிக்குத் தனியாக ஒரு கட்டம். அதில் பூஜ்யம் இருந்தது. அண்ணி அதைக் கவனிக்கவில்லை.

கடைசி வரி மட்டும் வேறு மாதிரி. செவ்வாய், காலை 9.52க்கு ஆரம்பித்து முப்பத்துநான்கு நிமிடம் நிற்கவே இல்லை. தண்ணீர் அழுத்தம் குறைந்து அலசல் முடியாமல் போன நேரம் அது.

"அப்போ பஸ்ஸர் அரை மணி நேரம் அடிச்சிருக்கணுமே. அவர் இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்றாரே" என்றேன்.

"இரு, பாத்துடலாம்" என்று அண்ணி சோதனைப் பொத்தானை அழுத்தினார்.

காதைக் கிழிக்கிற சத்தம். நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினேன். அண்ணி ஆள்காட்டி விரலை பஸ்ஸர் மேல் வைத்து, டாக்டர் நாடி பார்ப்பதுபோல எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, சாதாரணமாகக் கேட்டார்: "சத்தம் நல்லா வருதா?"

கிண்டல் செய்கிறார் என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். என் பல்வரிசையில் குறை கண்டுபிடிக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

"அண்ணி, உங்களுக்கு இது கேக்கலையா?"

பத்து நொடி முடிந்து பஸ்ஸர் நின்றது. அது நின்றதும் அவருக்கு விரலில்தான் தெரிந்தது. "கீச்சுன்னு இருக்கிற சத்தம் மட்டும் கேக்காது. பேச்சு கேக்கும், எதிர்ல இருந்தா" என்றார்.

"எத்தனை வருஷமா?"

"பாட்டில் கூடத்துலயே ஆரம்பிச்சிடுச்சு. யார்கிட்டயும் சொல்லிடாத. காது சரியில்லன்னு தெரிஞ்சா கருவிப் பிரிவுல வெச்சுக்க மாட்டாங்க. மறுபடி உடைசல் பொறுக்க அனுப்பிடுவாங்க."

எனக்கு அங்கேயே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. பதினான்கு வருடம். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், எத்தனை கல்யாண வீட்டில் வாய் வலிக்கச் சொல்லியிருப்பேன். என்னையே ஓங்கி அறைந்துகொள்ளலாம் என்று தோன்றியது. ஆனால் அண்ணிக்கு என் அழுகையைப் பார்க்க நேரமில்லை. அதற்குள் பையிலிருந்து இடுக்கியை எடுத்து, பஸ்ஸரின் துளைக்குள் விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு நீல நூல் வந்தது. பின்னால் இன்னொன்று. குழாய் துடைக்கும் துணியின் நூல்.

"துணி அடைச்சு வெச்சிருக்காங்க. இன்னிக்குப் பிரச்சனை ஆனதும் பிடுங்கிட்டாங்க" என்றார் மெதுவாக. "துணி இருந்தா சத்தம் வராது. ஆனா அதிரும். மூணு திங்கக்கிழமையும் நான் விரல வெச்சுப் பாத்தேன், அதிர்ந்துச்சு. சரின்னு எழுதிட்டேன். காது கேக்கிற யாரா இருந்தாலும் முதல் வாரமே கண்டுபிடிச்சிருப்பாங்க."

நான் சட்டென்று புத்திசாலி ஆகிவிட்டேன். "அண்ணி, துணி வெச்சது அவங்க தப்பு. நாளைக்கு நூலக் காட்டுங்க, முடிஞ்சுது. உங்க காது விஷயம் வெளிய வரவே வேணாம்."

"நூலக் காட்டினா அவருக்கு வேலை போயிடும்."

"காட்டலைன்னாலும் போகத்தான் போகுது."

"என் கையெழுத்தாலதான் போகுது" என்று சொல்லி லேப்டாப்பை மூடினார்.

வீட்டில் என் அண்ணனைப் பிடித்து உலுக்கினேன். "ஏண்ணா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" அவன் நிதானமாக, "நீ எங்க கேட்ட? திமிர்னு நீயே தீர்ப்பு எழுதிட்ட. அப்பீலுக்கு எங்க போறது?" என்றான். அண்ணி சிரிக்கவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். அண்ணன் அவர் எதிரே போய் உட்கார்ந்து, வாய் தெரியும்படி முகத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "உள்ளத அப்படியே சொல்லிடு. வேலை போனா போகட்டும், நான் இன்னும் நல்லா சமைக்கக் கத்துக்கறேன்."

"அந்தப் பயத்துலயாவது வேலையக் காப்பாத்திக்கணும்" என்றார் அண்ணி. ஆனால் அன்று அவர் தட்டில் பாதி அப்படியே இருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு மேனேஜர் அறையில் நான்கு பேர். ஆதாரம் சார், தாடிக்காரர், அண்ணி, அறிக்கையோடு நான். தாடிக்காரர் ஒரே இரவில் பத்து வயது கூடியவர்போல இருந்தார். அண்ணி அச்செடுத்த தாள்களை மேசையில் வைத்தார்.

"சார், மூணு வாரத்துல தொள்ளாயிரம் தடவை இது காரணமே இல்லாம கத்தியிருக்கு. நான் எண்ணத் தப்பா வெச்சதால. ஒரு நாளைக்கு நாப்பது, அம்பது தடவை. அப்படிக் கத்தினா எந்த மனுஷனும் அத நம்ப மாட்டான்."

"அது ஒரு பக்கம் இருக்கட்டும். பஸ்ஸர் அடிச்சுதா இல்லையா? சரின்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"அது அதிருதுன்னுதான் அர்த்தம் சார். கேக்குதுன்னு அர்த்தம் இல்ல. நான் விரலாலதான் சோதிச்சேன்." நான் என் விரல்களை இறுக்கிக்கொண்டேன். "எனக்கு அந்தச் சத்தம் கேக்காது. வருஷா வருஷம் படிவத்துல குறை ஒண்ணும் இல்லைன்னு எழுதினேன். அது பொய். என் கையெழுத்த வெச்சு அவர அனுப்பாதீங்க."

நீல நூலைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஒரு காகிதத்தில் மடித்து, சட்டைப் பையில்தான் வைத்திருந்தார். எனக்குத் தெரியும்.

தாடிக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சார், துணி அடைச்சது நான்தான். முதல் நாள் அது கத்தினப்போ ஓடிப் போய்ப் பாத்தேன். ஒண்ணுமில்ல. பத்தாவது தடவை நடந்து போனேன். அப்புறம் போறதயே விட்டுட்டேன். மண்டை வெடிச்சுடும்போல இருந்துச்சு, துணிய வெச்சு அடைச்சிட்டேன். நேத்து பயத்துல பிடுங்கிட்டேன்." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "என் பேத்தி குடிக்கிறதும் இந்தப் பால்தான் சார். ராத்திரி பூரா அதான் நெனப்பு."

ஆதாரம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். "முப்பது வருஷ சர்வீஸ்ல ஆதாரம் தானா நடந்து வந்து எதிர்ல உக்காந்தது இதான் முதல் தடவை" என்றார். பிறகு அண்ணியைப் பார்த்து, "அந்தப் பெட்டிய சரி பண்ணாம மூணாவது லைன்ல பால் ஓடாது. யார் பண்ணுவாங்க?"

"நான்தான் சார்."

"காது?"

"எண்ண அமைக்கக் காது வேணாம் சார். சோதிக்கிறதுக்குத்தான் வேணும். அதுக்கு இன்னொரு ஆள் என்கூட நிக்கட்டும்."

அவர் யோசித்தார். எங்கள் மூன்று பேர் உயிரையும் கையில் வைத்துக்கொண்டு சாவகாசமாக யோசித்தார். கடைசியில், தாடிக்காரருக்கு ஒரு மாதம் லைனில் வேலை கிடையாது, எழுத்தில் கண்டிப்பு உண்டு என்றார். அண்ணி டாக்டரிடம் காதைக் காட்டி அறிக்கை கொண்டுவர வேண்டும். "அறிக்கை என்ன சொன்னாலும் நீங்க கருவிப் பிரிவுதான். உடைசல் பொறுக்கத் தொள்ளாயிரம் வரி படிக்கத் தெரிய வேண்டியதில்ல." அறையை விட்டு வெளியே வந்ததும் அண்ணி சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, நீளமாக மூச்சு விட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பதினான்கு வருடத்தில் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

டாக்டர் அறிக்கை, பாட்டில் சத்தம்தான் காதைக் கெடுத்தது என்றது. அதற்குப் பிறகுதான் பாட்டில் கூடத்தில் எல்லோருக்கும் காதடைப்பான் கொடுத்தார்கள். எத்தனை பேர் காது போன பிறகு என்று கேட்க வாயெடுத்தேன், அண்ணி முறைத்ததால் அடக்கிக்கொண்டேன்.

பெட்டியைச் சரிசெய்கிற அன்று, அண்ணி தாடிக்காரரைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அடாப்டரால் தரமுடிகிற எச்சரிக்கைகள் மொத்தம் பதினான்கு. ஒவ்வொன்றாகப் படித்தார்.

"சென்சார் அழுக்காயிருக்கு. இதுக்கு ஓடுவீங்களா?"

"எதுக்கு ஓடணும்? ஷிப்ட் முடிஞ்சு கழுவினா ஆச்சு."

"அப்போ பஸ்ஸர் வேணாம். பதிவுல மட்டும் எழுதிக்கட்டும். அளவு சரிபார்க்கிற நாள் நெருங்குது?"

"அது உங்க தலைவலி."

"சரி, எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும். அலசல் நேரம் முடிஞ்சும் காரம் போகல?"

தாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுக்கு மட்டும் கத்தட்டும். நல்லாக் கத்தட்டும்."

இப்படியாக பஸ்ஸருக்கு ஒன்றே ஒன்று மிஞ்சியது. தொடங்கும் எண்ணுக்கும் நிற்கும் எண்ணுக்கும் நடுவில் அண்ணி தாராளமாக இடைவெளி விட்டார். பத்து நொடி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தச் சொன்னார். சோதனைத் தாளில் புதிதாக இரண்டு கட்டம் போட்டார்: அழுத்தியவர், கேட்டவர். இரண்டு கையெழுத்தும் இல்லாத தாள் செல்லாது. இப்போது எல்லா லைனிலும் அதே தாள்தான்.

அதற்குப் பிறகு, திங்கட்கிழமைச் சோதனையைத் தவிர, மூன்றாவது லைனில் பஸ்ஸர் அடிக்கவே இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், நான்கு வாரம். அண்ணிக்கு அதுவே பயமாகிவிட்டது. "அவங்க அத மறந்தே போயிருப்பாங்களோ? நெஜமாக் கத்தும்போது என்னமோ ஏதோன்னு நின்னா என்ன பண்றது?" என்று சாப்பிடும்போதும் அதே பேச்சு.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால். நான் மாதிரி பாட்டில்களோடு கூடத்துக்குள் நுழைந்தேன். அண்ணி நான்காவது லைன் பக்கம் ஏணியில் நின்று ஒரு அழுத்தமானியைக் கழற்றிக்கொண்டிருந்தார். காதுக் கருவி வாங்கியாகிவிட்டது, ஆனால் இயந்திரச் சத்தத்தில் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அது பெட்டிக்குள் இருந்தது. அப்போது பஸ்ஸர் அடித்தது.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மூட்டை தூக்கியவர், தரை கழுவியவர், எழுதிக்கொண்டிருந்தவர், எல்லார் தலையும் ஒரே பக்கம். ஒரு மாதம் தண்டனை முடிந்து லைனுக்குத் திரும்பியிருந்த தாடிக்காரர், பால் வால்வில் வைத்த கையை எடுத்துவிட்டு, தொப்பி பறக்க ஓடித் தண்ணீர் வால்வை முழுதாகத் திறந்தார். பஸ்ஸர் நின்றது. பிற்பாடு பதிவில் பார்த்தோம், மொத்தம் பத்தொன்பது நொடி.

அண்ணிக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்காது. ஆனால் ஏணி மேல் நின்று அந்தத் தலைகள் திரும்பியதை அவர் பார்த்துவிட்டார். கையில் கழற்றிய அழுத்தமானியோடு அப்படியே நின்றார். கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"எப்படிக் கத்திச்சு? செஞ்சு காட்டு."

"இங்கயா? எல்லாரும் பாப்பாங்க அண்ணி."

"பாக்கட்டும். காட்டு."

வேறு வழியில்லை. பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டு, மூச்சை நன்றாக இழுத்து, அடிவயிற்றிலிருந்து "கீ...ங், கீ...ங்" என்று கத்தினேன். மறுபடி அத்தனை தலையும் திரும்பியது. தாடிக்காரர் மறுபடி வால்வைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.